விரித்த புல் வேரூன்றும் வரை

வீடு கட்டி முடித்து, பெயிண்ட் வாசம் அடங்குவதற்குள் முன்புறம் புல் விரித்துவிட வேண்டும் என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். காலையில் டெம்போவில் வந்து இறங்கும் புல்பத்தைகள் சாயங்காலத்துக்குள் தரையை மூடிவிடுகின்றன. நேற்றுவரை சல்லியும் சிமெண்ட் தூளுமாகக் கிடந்த இடம் பச்சைப்பசேல் என்றாகிவிடுகிறது. “தண்ணி மட்டும் நல்லா விடுங்க சார், பிடிச்சுக்கும்” என்று சொல்லிவிட்டு நர்சரிக்காரர் கிளம்பிவிடுவார். முதல்முறையாகப் புல் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் அவ்வளவுதான்.

அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் எதற்காகத் தண்ணீர், எவ்வளவு, எதுவரை என்ற விவரம் அதில் இல்லை. விரித்த அன்று புல் எவ்வளவு செழிப்பாகத் தெரிகிறதோ அவ்வளவு பலவீனமாகவும் இருக்கிறது. அதன் வேரில் பெரும்பகுதி நர்சரி மண்ணிலேயே தங்கிவிட்டது. புதிய மண்ணில் அது இன்னும் கால் ஊன்றவில்லை, வெறுமனே கிடக்கிறது. அடுத்த ஒரு மாதம் நீங்கள் செய்யும் எந்த வேலையையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: இது வேருக்கு உதவுமா? தண்ணீர், உரம், கத்தி, காலடி எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

வெட்டியெடுக்கும்போது நடப்பது

நர்சரியில் புல்லை ஏறத்தாழ 2 செ.மீ. கனமுள்ள மண்ணோடு சீவி எடுக்கிறார்கள். கனமாக எடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மெல்லிய பத்தைதான் சீக்கிரம் வேர்விடும். கனமான பத்தை தன் மண்ணுக்குள்ளேயே நிறைவாக இருந்துகொண்டு கீழே இறங்கச் சுணங்கும். அந்த மெல்லிய மண்ணில் இருப்பவை அறுபட்ட வேர்த் தூர்களும், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தண்டுகளும். புல்லின் கையிருப்பு அந்தத் தண்டுகளில்தான் இருக்கிறது. அவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேமிப்பாக உள்ளன. தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் புது வேர் முளைக்க முடியும். அறுபட்ட பழைய வேரைவிட, கணுக்களிலிருந்து புதிதாக இறங்கும் வேர்களைத்தான் புல் பெரிதும் நம்பியிருக்கிறது.

இலைகளோ இந்த இழப்பை அறியாதவை. வெயில் பட்டால் இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும். செலவு முன்போலவே, வரவு மட்டும் அடியோடு குறைந்துவிட்டது. இந்த இடைவெளியை வெளியிலிருந்து நிரப்புவதுதான் முதல் இரண்டு வாரத் தண்ணீரின் வேலை.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அடுக்கி வைத்த பத்தைகளுக்குள் சுவாசம் நிற்பதில்லை. இலை, தண்டு, மண்ணின் நுண்ணுயிர்கள் எல்லாம் சர்க்கரையை எரித்து வெப்பத்தை விடுகின்றன. அடுக்கின் நடுவில் அந்த வெப்பம் வெளியேற வழி இல்லை. கோடையில் இரண்டு நாள் அப்படியே கிடந்தால் நடுப் பத்தைகள் வெந்து மஞ்சளாகிவிடும். அடுக்கின் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ வாங்க வேண்டாம். வெட்டி 24 மணி நேரத்துக்குள் விரித்துவிட வேண்டும். அதனால் மண்ணைத் தயார் செய்து முடித்த பிறகுதான் புல்லை வரவழைக்க வேண்டும்.

எந்தப் புல்

தமிழ்நாட்டுச் சமவெளியில் விரிக்கும் புற்கள் எல்லாம் வெப்பநாட்டுப் புற்கள். கரும்பு, சோளம், கம்பு போலவே இவையும் சி4 என்னும் வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. 27 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் நன்றாக வளரும். நம் வெயில் இவற்றுக்கு எதிரி இல்லை. வேர் இல்லாத நாட்களில் வரும் வறட்சிதான் எதிரி.

பெர்முடா என்று நர்சரியில் கேட்டு வாங்குவது நம் அருகம்புல்லின் இனம்தான். சைனோடான் டாக்டிலான் என்பது அதன் தாவரவியல் பெயர். ஓடும் தண்டு மண்ணுக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. அதனால்தான் அருகைப் போல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிஃப்டன் என்ற ஊரில் பணியாற்றிய கிளென் பர்ட்டன் இந்த அருகை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு இணைத்துக் கலப்பினங்களை வளர்த்தெடுத்தார். அவற்றில் புகழ்பெற்றது 1960இல் வெளியான டிஃப்வே 419. இது விதை தராத மலட்டுப் புல். தண்டாகவோ பத்தையாகவோ மட்டுமே பரப்ப முடியும். அதே பர்ட்டன் உருவாக்கிய ஆண்மலட்டுக் கம்பு ரகம்தான், லூதியானாவில் வேளாண் விஞ்ஞானி ஆத்வால் உருவாக்கி 1965இல் வெளியான இந்தியாவின் முதல் வீரியக் கம்பு ரகத்துக்குத் தாய். நம் விளையாட்டு மைதானத்துப் புல்லிலும் மானாவாரிக் கம்பங்கொல்லையிலும் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது.

கொரியன், மெக்சிகன் என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் ஜாய்சியா இனத்தவை. இலை விறைப்பாக இருக்கும். உள்ளங்கையை வைத்தால் லேசாகக் குத்தும். அடர்த்தியாகப் படரும், ஆனால் மெதுவாக. பத்தைகளுக்கு இடையே விழும் இடைவெளியை அருகு சில வாரங்களில் மூடிவிடும். ஜாய்சியா மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கேரளத்திலும் இலங்கையிலும் ஈரமான இடங்களில் தானாகவே படர்ந்திருக்கும் அகன்ற இலைப் புல் ஆக்சோனோபஸ். அரைநிழலைத் தாங்குவதில் இதற்கு இணை குறைவு, வறட்சியைத் தாங்காது. கடலோரத்தில் உப்பு ஏறிய போர் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளுக்குப் பாஸ்பாலம் வஜினேட்டம் என்ற புல் ஏற்றது. உப்பங்கழி ஓரங்களில் இயல்பாக வளரும் இனம் அது.

பெயர்கள் நர்சரிக்கு நர்சரி மாறும். அதனால் பெயரை நம்புவதைவிட, உங்கள் இடத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது, தண்ணீர் எப்படிப்பட்டது என்ற இரண்டையும் சொல்லிக் கேட்பது நல்லது. அருகுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மாமரத்தின் முழு நிழலில் எந்தப் புல்லும் நிலைக்காது. அங்கே நிழல்விரும்பிச் செடிகளை வைப்பதே மரியாதை.

அடிமண்தான் பாதி வேலை

புது வீட்டு முற்றத்தைக் கொத்திப் பார்த்தால் மண்ணைவிட மற்றவைதான் அதிகம் வரும்: செங்கல் துண்டு, காய்ந்த கலவை, டைல்ஸ் சில்லு, கம்பி. சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் மண்ணின் காரத்தன்மையை உயர்த்தும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலைகள் மஞ்சளாக வரும். மேடு தூக்குவதற்காகக் கொட்டிய கிராவல் மண்ணோ லாரி ஏறி இறங்கி இறுகிக் கிடக்கும். 15 செ.மீ. ஆழத்துக்காவது கொத்தி, கட்டட மிச்சங்களைப் பொறுக்கி எடுக்காமல் புல் விரிப்பதில் பயன் இல்லை.

அடுத்தது கோரை. மண்ணுக்கடியில் சரம்சரமாகக் கிழங்கு கோத்து வைத்திருக்கும் இந்தக் களை, விரித்த பத்தையைக் குத்திக்கொண்டு மேலே வரும். வந்த பிறகு பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். விரிப்பதற்கு முன்பே கொத்திய நிலத்துக்குத் தண்ணீர் விட்டு, பத்துப் பதினைந்து நாள் பொறுத்து, முளைத்த கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இரண்டு முறை இப்படிச் செய்தால் பிற்காலத்தில் மிச்சமாகும் உழைப்பு மிகப் பெரிது. மக்காத எருவைப் போட்டால் அதன் வழியே களை விதைகளும் வந்துவிடும். நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோதான் சரி.

இனி வருவது பலரும் கவனிக்காத இடம். கொத்திய மண்ணின் மேல் ஓர் அங்குலத்துக்கு எம்-சாண்ட் விரித்து, மட்டப்பலகையால் இழுத்து, அதன்மேல் பத்தைகளை வைக்கும் வழக்கம் உண்டு. பார்க்க மட்டமாக, அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பத்தை செம்மண்ணிலோ களிமண்ணிலோ வளர்ந்தது. நுண்ணிய துகள்களுக்கு இடையே உள்ள குறுகிய சந்துகள், விளக்குத் திரி எண்ணெயைப் பிடித்துக்கொள்வதுபோல நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் மணலின் அகன்ற சந்துகளுக்கு அந்த இழுவை இல்லை. மேல்மண் முழுக்கத் தெவிட்டும்வரை அங்கிருந்து ஒரு சொட்டும் மணலுக்குள் இறங்காது. விளைவு, பத்தை சொதசொதவென்று இருக்க, ஓர் அங்குலம் கீழே மணல் வறண்டு கிடக்கும். காய்ந்த அடுக்கைக் கடந்து எந்த வேர்நுனியும் போகாது.

வேர் தண்ணீரைத் தேடிப் போகும் என்று சொல்வது வழக்கம். வேர்நுனிக்கு ஈரத்தை உணரும் திறன் உண்டு. ஆனால் வறண்ட மண்ணைத் துளைத்துக்கொண்டு தூரத்து ஈரத்தை அடையும் வலு அதற்கு இல்லை. ஏற்கெனவே ஈரம் இருக்கும் இடத்தில்தான் அது வளரும். ஆகவே மணல் சேர்ப்பதானால் தனி அடுக்காகப் போடாமல், மக்கிய உரத்தோடு சேர்த்து மேல் 10, 15 செ.மீ. மண் முழுவதிலும் கலந்துவிட வேண்டும். மணிச்சத்தும் இப்போதே சேர வேண்டும். அது மண்ணில் ஒட்டிக்கொண்டு நகராத சத்து; புல் விரித்த பின் மேலே தூவினால் புது வேர் இறங்கும் ஆழத்துக்கு எளிதில் போய்ச் சேராது. 100 சதுர அடிக்கு 100 கிராம் டிஏபி போதும்.

விரிக்கும் நாள்

வெறும் மண்ணின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதன்மேல் பத்தையை வைத்தால் முளைக்கத் தயாராக இருக்கும் கணுக்கள் கருகும். முதல் நாள் மாலையே மண்ணை நனைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் தொடங்குவது நல்லது. காலடி பட்டால் சேறாகக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

நேரான ஓரம் ஒன்றிலிருந்து ஆரம்பித்து, செங்கல் வரி போடுவதைப் போல மூட்டுக்கு மூட்டு நேராக வராமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பத்தையும் பத்தையும் நெருங்கி உரச வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. காய்ந்தால் பத்தை சுருங்கும், அப்போது சந்து திறக்கும், திறந்த சந்தின் வழியே ஓரத்து வேர்கள் காற்றுப் பட்டு உலரும். புதுப் புல்தரையில் பழுப்பு முதலில் தெரிவது எப்போதும் இந்த மூட்டுகளிலும் நடைபாதை ஓரங்களிலும்தான். சலித்த மண்ணும் மக்கிய உரமும் கலந்து மூட்டுகளில் தூவிக் கையால் தேய்த்துவிட்டால் அந்த உலர்ச்சி குறையும். சரிவான இடமானால் கீழிருந்து மேலாக, சரிவுக்குக் குறுக்காக வைத்து, மூங்கில் முளையால் பிடித்துவைக்கலாம்.

வைத்து முடித்ததும் பலகையைப் போட்டு அதன்மேல் நின்று அழுத்த வேண்டும். உருளை கிடைத்தால் ஒருமுறை உருட்டலாம். இது மட்டத்துக்காக மட்டும் செய்வதில்லை. பத்தைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தால் கீழிருந்து ஈரம் மேலே ஏறாது, மேலிருந்து வேரும் கீழே போகாது. பத்தை மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் வாழ்வு.

தண்ணீரின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. உயரத் தண்ணீர் என்றால் அது சரியாக 1 லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். 100 சதுர அடி என்பது ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். முதல் நாள் பத்தையைக் கடந்து அடிமண்ணில் 10 செ.மீ. வரை நனைய, 20 மி.மீ. அளவுக்கு விட வேண்டும். அதாவது 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 190 லிட்டர். உங்கள் ஹோஸ் 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புகிறது என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் விட வேண்டும். பாய்ச்சலாக விட்டால் மூட்டுகளை அரித்துவிடும். தெளிப்பான் தலையோ பூவாளி முகமோ மாட்டிக்கொள்ளுங்கள். முழு இடமும் விரித்து முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. விரித்த பகுதியை அரை மணிக்குள் நனைத்துக்கொண்டே முன்னேற வேண்டும்.

முதல் வாரம் பத்தை காயவே கூடாது. விடியற்காலையில் ஒரு முழு நனைப்பு. கோடையானால் முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இலேசான தெளிப்பு. இந்தப் பகல் தெளிப்பு தண்டும் இலையும் சூடாகாமல் காக்கத்தான், ஓரிரு மி.மீ. போதும். இரண்டாம் வாரம் பகல் தெளிப்பைக் குறைத்து, காலை நனைப்பு மட்டும். மூன்றாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆனால் அளவு கூடுதலாக. நான்காம் வாரத்திலிருந்து மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை, மண்ணின் உள்வரை நனையும்படி. மணற்பாங்கான நிலத்தில் இடைவெளி குறையும், களிமண்ணில் கூடும். மழை பெய்த நாளில் மோட்டாரைத் தொட வேண்டாம்.

இடைவெளியை ஏன் படிப்படியாகக் கூட்ட வேண்டும்? மேல்மண் மட்டும் எப்போதும் நனைந்திருந்தால் வேர் அங்கேயே தங்கிவிடும். கீழே போக அதற்குக் காரணம் இல்லை. மேல்மண் சற்றே காய்ந்து, கீழ்மண்ணில் ஈரம் நின்றால், கீழே இறங்கிய வேர்களே செழிக்கும். ஆழத்தில் வேர் உள்ள புல், இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டாலும் கலங்காது.

அதிகமாக விடுவதும் அதே அளவு ஆபத்து. வேரும் சுவாசிக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் சந்துகளில் காற்று இருக்கும்வரை ஆக்சிஜன் எளிதாக உள்ளே பரவும். அந்தச் சந்துகள் நீரால் நிறைந்துவிட்டால் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மூச்சுத் திணறும் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போய், தண்ணீரில் மிதக்கும் புல்லே வாடியதுபோல் காட்சி தரும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீரைத் திறந்துவிடுவது கெடுதலை முடுக்கிவிடும். அந்த நேரத்தில் பத்தையைத் தூக்கி அடிமண்ணைத் தொட்டுப் பார்ப்பதே நல்ல வைத்தியம்.

உண்மையான தாகத்தைப் புல் தானே சொல்லும். ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். புல்லிலையின் மேற்புறத்தில், நடுநரம்பை ஒட்டி, மற்றவற்றைவிடப் பெரிய, மெல்லிய சுவருள்ள செல்கள் வரிசையாக உள்ளன. புல்லிபார்ம் செல்கள் என்று பாடநூலில் படித்திருப்போம். நீர் குறையும்போது முதலில் தளர்பவை இவை. இவை தளர்ந்ததும் இலை நீளவாக்கில் மடிந்துகொள்ளும். காற்றுக்குத் திறந்த பரப்பு குறையும், நீர் இழப்பும் குறையும். ஆயிரக்கணக்கான இலைகள் ஒன்றாக மடியும்போது தரையின் பச்சை மங்கி, சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். அப்போது ஓர் ஓரத்தில் காலை வைத்து எடுங்கள். தடம் அப்படியே நின்றால் செல்களில் விறைப்பழுத்தம் இல்லை, உடனே தண்ணீர் வேண்டும். மிதித்த இலைகள் சட்டென்று நிமிர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

இரவில் நீர் பாய்ச்சுவதைத் தவிர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளும், பூஞ்சையை ஒத்த பித்தியமும் பற்றும். நம் ஊர்ப் புழுக்கமான இரவுகளில் மாலை ஆறு மணிக்கு நனைத்த இலை விடிந்தும் உலராது. வட்டவட்டமாகப் பழுப்புப் பரவி, காலைப் பனியில் வெண்ணூல் படர்ந்ததுபோல் தெரிந்தால் அது பூஞ்சை. மூட்டுகளை ஒட்டிக் கோடாகப் பழுப்பு இருந்து அடிமண் காய்ந்திருந்தால் அது தாகம். முதலாவதற்குத் தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்த வேண்டும், இரண்டாவதற்குத் தண்ணீர் விட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்துவிடுவதால்தான் பல புல்தரைகள் கெடுகின்றன.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். வேர் பிடிக்காத புல்லுக்கு அதை விடக் கூடாது. சோப்பு கலந்த நீரின் சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அதை ஒரு வாளியில் பிடித்துத் தாராளமாக விடலாம்.

மூலையைத் தூக்கிப் பார்ப்பது

பத்தாம் நாள் வாக்கில் ஏதாவது ஒரு பத்தையின் மூலையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். முதல் வாரத்தில் கம்பளத்தின் நுனியைப் போல எழும்பி வந்த மூலை, இப்போது இலேசாகத் தடுக்கும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் பழைய வேர்கள் பழுப்பாக, முடிச்சு முடிச்சாக, வெட்டிய உயரத்திலேயே நிற்பது தெரியும். அவற்றுக்கு நடுவே, கணுக்களிலிருந்து, பால் வெள்ளையில் சில வேர்கள் நேராக இறங்கியிருக்கும். நுனி கூர்மையாகவும் ஈரமாகவும் இருக்கும். அதைச் சுற்றி மண்துகள்கள் ஒட்டியிருக்கும். கண்ணுக்கு மிக நுண்ணியதாகத் தெரியும் வேர்த்தூவிகள் அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்குமேல் இழுக்காமல் மூலையை இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி, ஒரு குவளைத் தண்ணீர் விடுங்கள்.

இந்தச் சோதனை நாட்காட்டியைவிட நம்பகமானது. அருகு இரண்டு வாரத்தில் பிடித்துவிடும். ஜாய்சியாவுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகலாம். மார்கழிக் குளிரில் எதற்கும் தாமதம் ஆகும். மூலை எழும்ப மறுக்கும்வரை குழந்தைகளின் விளையாட்டு வேண்டாம், நாற்காலி வேண்டாம், வண்டியை ஏற்றவே வேண்டாம். மிதிக்கும்போது பத்தை ஒரு மயிரிழை நகர்ந்தாலும், நேற்று இறங்கிய வெள்ளை வேர்கள் அறுந்துபோகும். தண்ணீர் விடப் போகும்போது பலகை போட்டு அதன்மேல் நடந்தால் எடை பரவிவிடும்.

கத்தியும் உரமும்

முதல் வெட்டுக்கு அவசரப்படுபவர்கள் நிறைய. 1955இல் அமெரிக்க வேளாண் துறை ஃப்ராங்க்ளின் கிரைடரின் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. புல்லின் தழையில் எவ்வளவு வெட்டினால் வேர் என்ன ஆகிறது என்று அவர் அளந்து பார்த்தார். நாற்பது சதவீதம் வரை வெட்டியபோது வேர் வளர்ந்துகொண்டே இருந்தது. பாதியைத் தாண்டியதும் சில வேர்கள் நின்றன. எண்பது சதவீதம் வெட்டியபோது எல்லா வேரும் 12 நாட்களுக்கு நின்றுவிட்டன. தொண்ணூறு சதவீதம் வெட்டியபோது 17 நாட்களுக்கு. இலை குறைந்தால் சர்க்கரை குறைகிறது. இருக்கும் சேமிப்பைப் புல் முதலில் புது இலைக்குத்தான் செலவிடுகிறது, வேர் காத்திருக்க வேண்டியதாகிறது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே என்று புல்தரை வளர்ப்பவர்கள் சொல்வது இந்தக் காரணத்தால்தான். வேர் இல்லாத புல்லுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

மூலை எழும்ப மறுத்த பிறகே முதல் வெட்டு. அருகை 3 செ.மீ. உயரத்தில் வைத்திருக்க விரும்பினால், அது நாலரை செ.மீ. வளரும்வரை காத்திருந்து வெட்ட வேண்டும். முந்தைய நாள் தண்ணீரை நிறுத்தினால் மண் இறுகி, இயந்திரம் பதியாது. கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும். கிழிந்த நுனி மறுநாளே வெளுத்துவிடும், பூஞ்சைக்கும் வழி திறக்கும். புல்லின் வளர்நுனி தரையை ஒட்டித் தாழ இருப்பதால் நுனி வெட்டுப்பட்டாலும் அது மீண்டும் வளரும். அந்த வளர்நுனிவரை கத்தியை இறக்கினால் மீள நெடுநாள் ஆகும்.

தழைச்சத்துக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். முன்கூட்டியே யூரியா போட்டால் இலை குபுகுபுவென்று வரும். அதற்கான விலையை வேர் கொடுக்கும். நான்கு வாரம் கழித்து, 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியாவைக் காய்ந்த இலைமேல் சீராகத் தூவி, உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே புல் கருகும். இளம் இலை மஞ்சளாக வந்தால் அது தழைச்சத்துக் குறையாக இல்லாமல் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம், கோவைப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் குறிப்பாக. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கலந்து மாலையில் இலேசாகத் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்பும்.

எவ்வளவு பரப்பு

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படையான முடிவு ஒன்றைப் புல் வாங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கோடையில் நன்கு வேர்விட்ட வெப்பநாட்டுப் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. நீர் வேண்டும். 400 சதுர அடிப் புல்தரை என்றால் சுமார் 150 லிட்டர். நம் நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வழங்க வேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ள அளவே 135 லிட்டர்தான். முற்றத்தில் புல் விரிப்பது என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தண்ணீர் ஒதுக்குவதற்குச் சமம். மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இது சிறிய விஷயம் இல்லை.

ஆகவே முற்றத்தை அளப்பதற்கு முன் கிணற்றையும் போரையும் அளந்துகொள்ளுங்கள். கோடையின் உச்சத்தில் மனசாட்சி உறுத்தாமல் எத்தனை வாளி ஒதுக்க முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் விரியுங்கள். மீதி இடத்தில் செடியும் மரமும் நிற்கட்டும். நூறு சதுர அடியே ஆனாலும் அதன் வேர் அரை அடி ஆழம் இறங்கியிருந்தால், நான்கு நாளுக்கு ஒரு நனைப்பில் அது கத்திரி வெயிலைக் கடந்துவிடும். மேலோட்டமாக வேர்விட்ட ஆயிரம் சதுர அடியோ தினமும் தண்ணீர் கேட்டு, கேட்டது கிடைக்காத முதல் வாரத்தில் காய்ந்துபோகும். எந்த வகைப் புல்தரை உங்களுக்குக் கிடைக்கும் என்பதை விரித்த பின் வரும் முதல் முப்பது நாட்களே தீர்மானிக்கின்றன. அந்த நாட்களில் உங்கள் கவனம் இலையை விட்டு வேரின்மேல் இருக்கட்டும்.